புரட்டாசியில் தேறிய மீன்பெட்டி

காலையில் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி, உப்பாற்று ஓடைப் பாலம் கடந்து, முத்தையாபுரம் தாண்டி எங்கள் பாலிடெக்னிக் வாசலில் இறங்குவேன். மெக்கானிக்கல் துறையில் பாடம் நடத்துகிறேன். நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவள். வேலை கிடைத்துத் தூத்துக்குடிக்கு வந்ததிலிருந்து, அன்றன்று கண்ணில் பட்டதைத் தேதி போட்டு எழுதிவைப்பது வழக்கமாகிவிட்டது. முதல் மழை எந்தக் கிழமை விழுந்தது, உப்பளத்தில் வருடத்தின் முதல் உப்பை எப்போது வாரினார்கள், பெரிய கோயில் கொடியேற்றத்தன்று காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று எல்லாமே இருக்கும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கிற பெயர் காலண்டர் மேடம். அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, போர்ச்சுக்கீசியர் வந்தது, டச்சுக்காரர் போனது, வரி, சண்டை, ஞானஸ்நானம் எல்லாம் விவரமாக இருக்கிறது. கரைக்கு வந்த மீனை உள்ளூர்களுக்குத் தலையில் சுமந்துபோன பெண்களைப் பற்றி ஒரு பத்தி தேடினால் கிடைப்பது கடினம். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதில் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பங்கு இருக்கிறது என்பது இன்னொரு காரணம். உண்மையைச் சொன்னால் அதுதான் பெரிய காரணம்.

என் பஸ்ஸில் தினமும் ஒரு மீன்காரம்மா வருவார். திரேஸ்புரம் கரையில் விடிய ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டு வந்து, எங்கள் பஸ்ஸில் ஏறி, முக்காணிக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இறங்குவார். அங்கே நான்கைந்து தெருக்கள் அவருக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியாரோடு போய்ப் பழகிய தெருக்கள். அலுமினியச் சட்டியில் மீன், மேலே ஐஸ், ஒரு தட்டை மூடி, அதற்கு மேலே சாக்கு. பின்வாசல் படிக்குப் பக்கத்தில் சட்டியை வைத்து, அது நகராமல் ஒரு காலை முட்டுக் கொடுத்து நிற்பார். சீட் காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார்.

அந்த வருடம் ஆனி மாதம், கல்லூரி திறந்த வாரத்தில், பஸ்ஸில் தகராறு வந்தது.

"எம்மா, எத்தன மட்டம் சொல்லுதது? தண்ணி ஒழுகுது பாரு," என்றார் கண்டக்டர்.

"ஒழுகாம இருக்கதுக்கு இது என்ன கருவாடா?"

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் கண்டக்டருக்குப் பொறுக்கவில்லை. சட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் நீளமாக ஓடிப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் சேலைக் கரையை நனைத்திருந்தது. அந்த டீச்சர் எழுந்து நின்று, "நான் இதோட பிள்ளைங்க முன்னால போய் நிக்கணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பாலத்துக்கு முன்னால், இரண்டு பக்கமும் உப்பளம் விரிந்து கிடக்கிற இடத்தில், மீன்காரம்மாவும் சட்டியும் இறங்கினார்கள். பஸ் கிளம்பியபோது நான் திரும்பிப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. அடுத்து என்ன வருகிறது என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஆட்டோல போனா என்ன?" என்று கேட்டேன்.

"ஆட்டோக்காரனுக்குக் குடுத்துட்டு நா காத்தயா விக்கது? அது கெடக்கட்டும் டீச்சர். இப்ப மொபெட்ல ஐஸ் பெட்டி கட்டிக்கிட்டு ஆம்பளையாளுவ வாரானுவ. தெரு முக்குல நின்னு ஹாரன் அடிக்கான். நா ரெண்டு நாளு போவலைன்னா, மூணாம் நாளு ஹாரன் சத்தத்துக்குக் கதவத் தொறந்துருவாளுவ. பெறவு என் சத்தம் எவ காதுல விழும்?"

அவருக்கு வேண்டியது அந்த பஸ். கண்டக்டர் மறுபடி படியோரம் நிற்க விட்டார்; அதுவும் போனால் தெருக்கள் போய்விடும். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

எங்கள் கல்லூரியில் கடைசி வருடப் பிள்ளைகளுக்கு சமுதாயப் பணி என்று ஒரு பாடம் உண்டு. ஊர் மக்களோடு சேர்ந்து, படித்த படிப்பைக்கொண்டு, அவர்களுக்கு வேண்டிய ஒரு காரியத்தைச் செய்துகொடுக்க வேண்டும். பாடத்திட்டத்தில் நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. நடப்பது வேறு. கடற்கரையில் குப்பை பொறுக்குவார்கள், பேனர் பிடித்துப் போட்டோ எடுப்பார்கள், வேப்பங்கன்று நடுவார்கள். அந்தக் கன்றுக்கு அடுத்த நாள் யாராவது தண்ணீர் ஊற்றினார்களா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அந்த வருடம் நான் வகுப்பில் போய், "பஸ்ஸில் ஒழுகாமல் மீன் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும். யார் செய்கிறீர்கள்?" என்று கேட்டேன். வகுப்பில் மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

கை தூக்கியவள் விளாத்திகுளத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். "எங்க ஊருக்கு மீன் வந்து சேரும்போது பாதி கருவாடு மேடம். நல்ல மீனு எப்படி இருக்கும்னு பாக்கலாம்னுதான்," என்றாள். அவளோடு இரண்டு பையன்கள் சேர்ந்தார்கள். ஒருவன் கடற்கரைப் பையன். அப்பா கப்பலில் வேலை. "மீன் வாடையே ஆகாதுன்னு என்னயப் படிக்க அனுப்புனாக. இப்ப மீன் பெட்டியா?" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தான். இன்னொருவன் ஆற்றங்கரை நெல்வயல் ஊர்க்காரன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மீன்காரம்மாவைப் பார்த்ததும், "மேடம், இது எங்க தெருவுக்கு வார அக்கா!" என்றான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, "ஏலே, நீ அந்தக் கெணத்து வீட்டுப் பையன்லா? ஒங்கம்மா சூடை மீனுக்கு வெல கேக்குற கேள்வி இருக்கே, அதுக்கு வலக்காரன் கடலுக்கே போகாம இருந்துருவான்," என்றார். அந்த நிமிஷமே அவர்கள் நாலு பேரும் ஒரு கூட்டமாகிவிட்டார்கள்.

முதலில் பஸ்ஸை அளந்தார்கள். கடைசி சீட்டுக்குக் கீழே எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம் என்று பையன்கள் தரையில் படுத்து டேப் பிடித்தபோது கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடே, பஸ்ஸ வெலைக்கு வாங்கப் போறியளா?"

"ஆமா அண்ணாச்சி, உங்களயும் சேத்துத்தான்," என்றான் கடற்கரைப் பையன்.

"என்னய வேணாம்டே. என் வீட்டுலயே வேணாங்காவ," என்று சிரித்தார். கண்டக்டர் கெட்ட மனுஷன் இல்லை. அவர் பஸ்ஸில் எல்லோரும் எல்லோரைப் பற்றியும் அவரிடம்தான் புகார் சொல்கிறார்கள்.

பெட்டி இப்படி அமைந்தது. அலுமினியத் தகட்டில் ஒரு பெட்டி. அதன் அடித்தகட்டில் வரிசையாகத் துளைகள். அதற்குக் கீழே மேஜை இழுப்பறைபோல் இழுக்கக்கூடிய ஒரு தட்டு. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் ரத்தமும் துளை வழியாக அந்தத் தட்டில் இறங்கும். ஊர் போய்ச் சேர்ந்ததும் தட்டை இழுத்துக் கொட்டிவிடலாம். சீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதால் தட்டின் உயரம் குறைவு. மூடி மேடுபள்ளம் இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும் என்று மீன்காரம்மா பிடிவாதமாகச் சொன்னார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மூடியைத் திருப்பிப் போட்டு அதில்தான் மீனைக் கூறு கூறாகக் குவித்துக் காட்டி விற்பார். குவியலைப் பார்த்துத்தான் வாங்குவார்கள், எடை போட்டு இல்லை. அப்படியே செய்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் தகடு வெட்டும் சத்தத்துக்கு நடுவே விளாத்திகுளத்துப் பெண் ஓரங்களை மடக்கித் தட்டிக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போவேன். கை சுத்தமான வேலை. அந்த மடிப்பில் பேப்பர் நுழையாது.

பெட்டி முடிந்து பஸ்ஸில் ஏறியது புரட்டாசியில். தினமும் ஒரு பிள்ளை கூடவே போய்ப் பார்த்தது. சீட்டுக்கு அடியில் பெட்டி, தரையில் ஒரு சொட்டு இல்லை. ஊரில் இறங்கித் தட்டை இழுத்தால் அதில் பாதி கூட நிறைந்திருக்காது. கண்டக்டர் முதல் இரண்டு நாள் குனிந்து குனிந்து பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். மீன்காரம்மா முதல்முறையாக சீட்டில் உட்கார்ந்து வந்தார். உட்கார்ந்ததும் தூக்கம் வந்துவிட்டது அவருக்கு.

துறையில் மதிப்பீடு நடந்தது. வெளியிலிருந்து வந்த பேராசிரியர் பெட்டியை உள்ளும் புறமும் பார்த்து மெச்சினார். பிள்ளைகளுக்கு நல்ல மதிப்பெண். போட்டோ எடுத்தோம். அவர்கள் எழுதிய அறிக்கையில், பயனாளியின் பொருளாதார நிலை என்ற தலைப்பின் கீழ், "தற்போது வியாபாரம் மந்தமாக உள்ளது" என்று ஒரு வரி இருந்தது. மீன்காரம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள். எல்லோரும் அந்த வரியைப் படித்தோம். படித்து, பாவம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஐப்பசி பிறந்து, முதல் ஞாயிற்றுக்கிழமை போய், திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸில் ஏறினேன். மீன்காரம்மா இல்லை.

"உங்க மீன்காரம்மா வரமாட்டா," என்றார் கண்டக்டர். குரலில் பழைய சிரிப்பு இல்லை. "நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா மேடம்? கல்யாணத்துக்குப் போற கூட்டம், பூராவும் பட்டுச் சேலை. பாலத்துல டிரைவர் ஒரு பிரேக் போட்டாரு. உங்க பெட்டிக்குள்ள இருந்து தண்ணி அலை மாதிரி வந்துச்சு. மாப்பிள்ளையோட அத்தைக்கு முழங்கால் வரைக்கும் மீன் ரத்தம். என்னய என்ன பேச்சு பேசுனாங்கன்னு உங்ககிட்ட சொல்ல முடியாது. சட்டியா இருந்தா தண்ணி படியோட போயிருக்கும். உங்க காலேஜ் பெட்டின்னு நம்பித்தான் சீட்டுக்கு உள்ள வைக்க விட்டேன். இனிமே இந்த பஸ்ல மீன் ஏறாது. சட்டியும் ஏறாது, பெட்டியும் ஏறாது."

முன்பு அவருக்குப் படியாவது இருந்தது. நாங்கள் போய் உதவி செய்த பிறகு அதுவும் இல்லை.

கல்லூரிக்குப் போய் துறைத் தலைவரிடம் சொன்னேன். அவர் நல்லவர்; வேலை அதிகம். "மதிப்பெண் அனுப்பியாச்சு மேடம். பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. அடுத்த வருஷ பேட்ச் பாத்துக்கட்டும்," என்றார். அவர் சொன்னதில் விதிப்படி குறை ஒன்றும் இல்லை. மூன்று பேரையும் கூப்பிட்டு நடந்ததை மட்டும் சொன்னேன். செய்யுங்கள் என்று சொல்லவில்லை. படிப்பு விடுமுறை ஆரம்பிக்கிற நேரம். அவர்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் நான் வந்தபோது ஒர்க்‌ஷாப் திறந்திருந்தது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பழைய அறிக்கையை விரித்து வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தட்டு பாதிதான் நெறஞ்சுச்சு. எல்லா நாளும் பாதிதான். நானே பாத்தேன்," என்றாள் விளாத்திகுளத்துப் பெண்.

"அப்ப ஞாயித்துக்கெழம மட்டும் தண்ணி எங்கன இருந்து வந்துச்சு? மழையா?" என்றான் கடற்கரைப் பையன்.

ஆற்றங்கரைப் பையன் அறிக்கையில் இருந்த தேதிகளைப் புரட்டிப் பார்த்தான். பிறகு தலையில் கை வைத்தான். "ஏல… புரட்டாசி!"

"என்ன புரட்டாசி?"

"எங்க ஊர்ல புரட்டாசி முழுக்க யாரும் மீனு வாங்கமாட்டாங்க. எங்க வீட்டுலயே சட்டிய கழுவி பரண்ல போட்டுருவாங்க. அந்த அக்கா ஏதோ நாலு வீட்டுக்குக் கொஞ்சமா கொண்டு வந்தாங்க. நாம அதத்தான் அளந்துருக்கோம். ஐப்பசி பொறந்த மொத ஞாயிறுன்னா ஊரே மீனுக்கு நிக்கும்!"

"நீ அந்த ஊர்க்காரன்தான? ஒனக்குத் தெரியாதா?"

"நான் ஹாஸ்டல்லலா இருக்கேன். இங்க புரட்டாசிலயும் மீன் குழம்பு ஊத்துதாங்க. மறந்தே போச்சு."

கடற்கரைப் பையன் வேதக்காரன், கிறிஸ்தவன். அவனுக்குத் தவக்காலம் தெரியும், புரட்டாசி தெரியாது. தேதி போட்டு எழுதிவைக்கிற எனக்கும் அது தோன்றவில்லை. கரிசல் காட்டு விளாத்திகுளத்துப் பெண்ணின் வீட்டில் மீனே எப்போதாவது. செமஸ்டர் அட்டவணை போட்டவர்களுக்கு எந்த மாதமும் ஒன்றுதான். கல்லூரிப் பிள்ளைகளைத் தவிர வேறு யாரும் மீன் பெட்டியைப் புரட்டாசியில் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு நிமிஷம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு விளாத்திகுளத்துப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். "வியாபாரம் மந்தமாக உள்ளதுன்னு நானே என் கையால எழுதுனேன் மேடம்," என்றாள். சிரித்து முடித்ததும் எழுந்து, "வாங்கடா, அக்காவப் போய்ப் பாப்போம்," என்றாள். என்னிடம் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

திரேஸ்புரம் கரையில் மீன்காரம்மா வலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏலே, ஒங்க பெட்டி வாரதுக்கு முன்னால படியிலயாவது நின்னேன். இப்ப பஸ்ஸப் பாத்துக்கிட்டு நிக்கேன். நேத்து ஆட்டோல போனேன். போறதுக்குள்ள ஹாரன்காரன் பாதித் தெருவ முடிச்சிட்டான். இன்னைக்குப் போகவே இல்ல."

பையன்கள் தலையைக் குனிந்தார்கள். பெண் அவர் முன்னால் மணலில் உட்கார்ந்தாள். "அக்கா, ஞாயித்துக்கெழம பெட்டில எவ்வளவு போட்டீங்க?"

"மூடி மூடுற அளவு போட்டேன். காரல், சாளை, மேல ரெண்டு வெளமீனு. வருஷத்துல ஒரு நாளு, விடுவேனா? நல்ல பெட்டியா இருக்கே, ஐஸையும் ரெண்டு அள்ளு கூடப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "நானும் கொஞ்சம் அள்ளித்தாம்ளா போட்டுட்டேன்."

அவருக்குக் கோபம் போகவில்லை. ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார், திருப்பிக் கொண்டுவரவும் சொன்னார். "சீக்கிரம் கொண்டாங்க. தெரு காத்துக்கிட்டு இருக்காது."

தட்டை ஆழமாக்க முடியாது. சீட்டின் உயரம் இடிக்கும். தண்ணீரைக் குறைக்க வேண்டும், வந்த தண்ணீரை அலையடிக்க விடாமல் தடுக்க வேண்டும். முதல் பாதிக்கு வழி எளிதாகக் கிடைத்தது. பெட்டியின் உள்சுவரில் வெப்பம் புகாத அட்டையை ஒட்டி, அதன்மேல் மெல்லிய தகடு வைத்து மூடினார்கள். ஐஸை நொறுக்காமல் கட்டியாக அடியில் வைத்தால் மெதுவாக உருகும் என்றாள் பெண். கட்டி குத்தி மீன் வயிறு கிழியும் என்றார் மீன்காரம்மா. அடியில் கட்டி, மேலே தூள் என்று பேசி முடித்தார்கள்.

அலைக்கு வழி சொன்னவன் கடற்கரைப் பையன். முத்தையாபுரத்தில் லாரிப் பட்டறைகள் வரிசையாக உண்டு. துறைமுகத்துக்குப் போகிற டேங்கர்கள் அங்கேதான் வெல்டிங்குக்கு நிற்கும். அவன் அங்கே போய் ஒரு காலி டேங்கருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "உள்ள தடுப்பு தடுப்பா இருக்கு மேடம். தடுப்புல ஓட்ட இருக்கு. தண்ணி ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் போகும், ஆனா பாய முடியாது." நான் பாடத்தில் நடத்தியதுதான். கரும்பலகையில் வரைந்தபோது அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நினைவு. இப்போது எனக்கே வரைந்து காட்டினான். தட்டை அறை அறையாகத் தடுத்து, மேல் விளிம்பை உட்பக்கமாக மடக்கினார்கள்.

இந்த முறை அவர்கள் மாதத்தை நம்பவில்லை. மூடியை அழுத்தி மூடுகிற அளவுக்குப் பெட்டியை ஐஸால் நிரப்பி, தட்டில் தண்ணீரும் சிவப்பு மையும் ஊற்றி, தள்ளுவண்டியில் ஏற்றி, ஒர்க்‌ஷாப் முற்றத்தில் ஓட்டினார்கள். கடற்கரைப் பையன் தள்ளினான். ஆற்றங்கரைப் பையன் முன்னால் நின்று காலால் தடுத்து பிரேக் போட்டான். விளாத்திகுளத்துப் பெண் பக்கத்தில் ஓடிக்கொண்டே, "முத்தையாபுரம் எறங்கு! ரைட் போலாம் ரைட்!" என்று கத்தினாள். வாட்ச்மேன் அண்ணாச்சி என்னிடம் வந்து, "மேடம், பரீட்சைக்குப் படிக்கதுக்குன்னு லீவு விட்டா இதுக என்ன செய்யுதுக?" என்று கேட்டார். "படிக்கிறாங்க அண்ணாச்சி," என்றேன். சிமெண்டுத் தரையில் மாலை வரை ஒரு சிவப்புப் பொட்டு விழவில்லை.

மிச்சம் இருந்தது கண்டக்டர். பஸ் ஸ்டாண்டில் அவர் முன்னால் போய் நின்றது பெண்தான்.

"அண்ணாச்சி, தப்பு எங்க பேர்ல. அக்கா பேர்ல இல்ல. ஒரு தடவ ஏத்துங்க."

"போன தடவயும் இப்படித்தான் சொன்னிய."

"போன தடவ புரட்டாசி அண்ணாச்சி," என்று ஆரம்பித்து, கதை முழுவதையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் மீசை துடித்தது. கடைசியில் சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சரி. ஆனா சீட்டுக்கு அடியில இல்ல. என் கால்கிட்ட வைக்கணும். புது பேண்ட்டு போட்டுட்டு வாரேன். அதுல ஒரு சொட்டு விழுந்தா, பெட்டி, பெட்டிக்காரி, காலேஜ் எல்லாரையும் பாலத்துல எறக்கிருவேன்."

பெட்டியை ஏற்றிய அன்று ஒரு முகூர்த்த நாள். கூட்டம் நிறைய. வேண்டுமென்றேதான் அந்த நாளைக் குறித்தேன். தேதி எழுதுகிற என் பழக்கத்துக்கு அவ்வளவாவது பயன் இருக்கட்டும் என்று. மீன்காரம்மா மூடி மூடுகிற அளவுக்கு மீன் போட்டிருந்தார். பின்வாசல் பக்கம் கண்டக்டரின் இரண்டு கால்களுக்கும் நடுவில் பெட்டி. சொன்னபடியே புதுப் பேண்ட். மூன்று பிள்ளைகளும் கம்பியைப் பிடித்து நின்றார்கள். மீன்காரம்மா சீட் இருந்தும் உட்காரவில்லை. கையில் ஜெபமாலை வைத்திருந்தார்; உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கல்லூரியில் இறங்க வேண்டியதில்லை, அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தேன்.

பாலம் வந்தது. எதிரே ஒரு டேங்கர் லாரி ஒதுங்காமல் வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் முழுவதும் முன்னால் சாய்ந்து, திரும்பப் பின்னால் சாய்ந்தது. பெட்டிக்குள் தண்ணீர் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கண்டக்டர் மெதுவாகக் குனிந்தார். பேண்ட்டைத் தடவினார். பெட்டியைச் சுற்றித் தரையை உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்தார். கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தூசிதான் இருந்தது.

"என்ன, எல்லாரும் என் காலயே பாக்கிய?" என்றார் பஸ்ஸைப் பார்த்து. "டிக்கெட் எடுத்தாச்சா?"

கடற்கரைப் பையன் விசில் அடித்தான். அது பஸ்ஸை நிறுத்துகிற விசில் என்று நினைத்து டிரைவர் திட்டினார். விளாத்திகுளத்துப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்; கண்ணைத் துடைப்பது எங்களுக்குத் தெரியக்கூடாது என்று. நான் பல வருடம் வகுப்பு எடுத்திருக்கிறேன். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் உண்டு, வெளிநாடு போன பிள்ளைகள் உண்டு. அந்தப் பாலத்தில் இருந்த அளவுக்குப் பெருமை எனக்கு வேறு எங்கும் இருந்ததில்லை. இவர்கள் மதிப்பெண் வாங்கி முடித்த பிறகு திரும்பி வந்தவர்கள்.

ஆற்றங்கரை ஊரில் இறங்கினோம். தட்டை இழுத்து வாழைத் தோட்டத்து வேலி ஓரமாகத் தண்ணீரைக் கொட்டினார்கள். சும்மாடு வைத்துப் பெட்டியை மீன்காரம்மா தலையில் ஏற்றினார்கள். தெருவுக்குள் நுழையும்போதே அவர் குரல் கொடுத்தார். அந்தக் குரலை நான் பஸ்ஸில் கேட்டதில்லை. ஹாரனைவிடப் பெரிய குரல்.

முதல் கதவைத் திறந்தது ஆற்றங்கரைப் பையனின் அம்மா. மகனைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தார். "எங்கன போயிட்ட இத்தன நாளும்? ஹாரன்காரன்ட்ட வாங்கி வாங்கி நாக்கு செத்துப் போச்சு." மூடி திருப்பிப் போடப்பட்டது. சாளை ஒரு கூறு, காரல் ஒரு கூறு. விலை சொன்னதும் அவர் இடுப்பில் கை வைத்தார். "புதுப் பெட்டி வந்தா வெலயும் ஏறுமோ?"

"பெட்டி ஒம் மவன் செஞ்சது. அவன்ட்டயே கேளு," என்றார் மீன்காரம்மா. அப்போதுதான் அந்த அம்மா மகனை நிமிர்ந்து பார்த்தார். "நீ பரீட்சைக்குப் படிக்காம இங்க என்னல செய்யுத?" அவன் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தெருவில் மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. மொபெட் வந்து முக்கில் ஹாரன் அடித்தது. இரண்டொரு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் அங்கேயும் போனார்கள். தெரு முழுவதும் திரும்ப வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். பாதிக்கு மேல் வந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல் பஸ்ஸில் ஏறினேன். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டார்கள். மீன்காரம்மா இன்னும் வந்து சேரவில்லை. கடைசி சீட்டில் ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்து, தன் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான். கண்டக்டர் பின்வாசலிலிருந்து அவனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"பைய எடு தம்பி. அங்கன பெட்டி வரும்."